ரோஜா அச்சில் ஊற்றினேன், வெளியே வந்தது ரோஜா இல்லை: எந்த அச்சு வாங்கலாம்?

அரைகுறைத்திரி (திங்கள், இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். மெழுகுவர்த்தி செய்யத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை கண்ணாடிக் குவளைகளில்தான் ஊற்றிவந்தேன். அதில் பெரிய வம்பு எதுவும் இல்லை. ஆசை யாரை விட்டது? போன வாரம் சிலிகான் ரோஜா அச்சு ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அளவு, இதழ் இதழாக மிக அழகாக இருந்தது.

ஒன்பது முறை ஊற்றினேன். பார்க்கிற மாதிரி வந்தவை இரண்டே இரண்டு. மற்ற ஏழிலும் இதழ்களின் விளிம்பு அச்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. அடிப்பக்கத்தில் விரலை விட்டு எடுத்தது போல ஒரு குழி. இதழ் நுனிகளில் ஊசிமுனை அளவில் ஓட்டைகள். தேறிய இரண்டில் ஒன்றைக் கொளுத்தினேன். நடுவில் கிணறு தோண்டிக்கொண்டு சுடர் கீழே போனது, பிறகு ஒரு பக்கம் இடிந்து மெழுகு முழுவதும் தட்டில் ஓடிவிட்டது.

அச்சு சரியில்லையோ என்று நினைக்கிறேன். அலுமினியம் வாங்கலாமா, பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் வாங்கலாமா? சிலிகானிலேயே நல்ல தரமானது என்று ஏதாவது இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

உருக்குச்சட்டி (திங்கள், இரவு 10.05)

வயிற்றுவலி என்று போனால் வைத்தியர் முதலில் என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்பார். என்ன மெழுகு? எத்தனை டிகிரியில் ஊற்றினீர்கள்? எவ்வளவு நேரம் கழித்து எடுத்தீர்கள்? இந்த மூன்றும் தெரியாமல் அச்சைக் குறை சொல்ல முடியாது.

---

அரைகுறைத்திரி (திங்கள், இரவு 10.20)

குவளைக்கு வாங்கிய அதே சோயா மெழுகுதான் ஐயா. வெப்பமானி இல்லை. நன்றாக உருகித் தெளிந்ததும் ஊற்றினேன். மேற்பரப்பு வெளுத்து இறுகியதும் எடுத்தேன், ஒன்றரை மணி நேரம் இருக்கும்.

---

உருக்குச்சட்டி (செவ்வாய், காலை 6.15)

நினைத்தேன். அச்சின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

குவளைக்கான சோயா மெழுகு எதற்காகச் செய்யப்படுகிறது? கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு இருப்பதற்காக. உறையும்போது அதிகம் சுருங்கினால் கண்ணாடியை விட்டு விலகி, வெளியிலிருந்து பார்க்கும்போது திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் சுருக்கம் குறைவாகவும் மென்மையாகவும் இருக்கும்படி தயாரிக்கிறார்கள். உருகுநிலை பெரும்பாலும் 50 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அச்சுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான குணம். உறையும்போது சுருங்கிச் சுவரை விட்டுத் தானே விலக வேண்டும், வெளியே வந்தபின் தாங்க ஆளில்லாமல் நிற்க வேண்டும். கடைகளில் பில்லர் மெழுகு என்று தனியாக விற்பது இதற்காகத்தான். பாரஃபினில் கிடைக்கிறது, சோயா கலவையிலும் கிடைக்கிறது. பாரஃபின் வகை 60 டிகிரியை ஒட்டி உருகும். நீங்கள் வெண்ணெயை அச்சில் ஊற்றிவிட்டு இதழ் ஏன் உடைகிறது என்று கேட்கிறீர்கள்.

அடுத்தது நேரம். சிலிகான் வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி போர்த்தியது போல உள்ளே சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மேலே இறுகிவிட்டது என்று நீங்கள் தொட்டுப் பார்த்த நேரத்தில் நடுப்பகுதி களிம்பாகத்தான் இருந்திருக்கும். உள்ளங்கை அளவு ரோஜாவுக்கு ஐந்து மணி நேரமாவது வேண்டும். நான் இரவில் ஊற்றிக் காலையில் எடுப்பேன். இடையில் தொட்டுப் பார்ப்பதே இல்லை, தொட்டால் எடுக்கத் தோன்றும்.

குழி விழுவது மெழுகின் இயல்பு. பாரஃபின் திரவத்திலிருந்து திடமாகும்போது அதன் கன அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல்கூடக் குறையும். ஓரங்கள் முதலில் உறைகின்றன, நடு கடைசியில் உறைகிறது. பற்றாக்குறை முழுவதும் நடுவில் வந்து சேர்கிறது. பில்லர் மெழுகுக்கு மாறினால் இது இன்னும் கூடுதலாகவே தெரியும். கொஞ்சம் மெழுகை எடுத்துவைத்து இரண்டாம் முறை ஊற்றித்தான் சரிக்கட்ட வேண்டும். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதில் ஒரு கண்ணி இருக்கிறது.

முதலில் ஒரு வெப்பமானி வாங்குங்கள். அச்சு பிறகு.

---

பழையடப்பா (செவ்வாய், காலை 8.30)

உருக்குச்சட்டி அண்ணன் சொன்னால் அப்பீல் கிடையாது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பழகுவதற்குக் காசு கொடுத்து அச்சு வாங்க வேண்டியதில்லை. வீட்டில் குப்பைக்குப் போகும் பொருள்களில் பாதி அச்சுதான்.

என் முதல் அச்சு ஒரு தகர டப்பா. அதில் நான் பட்ட பாடு எல்லோருக்கும் உதவும். டப்பாவின் உடலைச் சுற்றி வரிவரியாக மேடு பள்ளம் இருக்கும் அல்லவா, அதை நான் கவனிக்கவில்லை. ஊற்றினேன், அருமையாக உறைந்தது. இழுத்தேன், வரவில்லை. தட்டினேன். கவிழ்த்தேன். தரையில் குத்தினேன். கடைசியில் தகரம் வெட்டும் கத்தரிக்கோலால் டப்பாவை உரித்து எடுத்தபோதுதான் புரிந்தது. மெழுகு ஒவ்வொரு வரிக்குள்ளும் புகுந்து திருகாணி மரை போலப் பூட்டிக்கொண்டிருந்தது. விறைப்பான எந்த அச்சும் வாயை நோக்கி விரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேர்ச்சுவராகவாவது இருக்க வேண்டும். உள்ளே ஓரிடத்தில் வயிறு பெருத்து வாய் குறுகியிருந்தால் வர்த்தி வெளியே வராது. சிலிகான் மட்டும் இதற்கு விலக்கு, அது வளைந்து கொடுக்கும்.

நான் சொல்லும் அச்சு பால் அல்லது பழச்சாறு வரும் அட்டைப்பெட்டி. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் மெழுகை உறிஞ்சாது. உறைந்ததும் கிழித்துப் போட்டுவிடலாம், வெளியே எடுக்கும் கவலையே இல்லை. ஒரே குறை, சூடான மெழுகின் எடை தாங்காமல் பக்கங்கள் புடைக்கும். சுற்றிலும் மூன்று இடத்தில் அகலமான ஒட்டுநாடாவை இறுக்கிச் சுற்றிவிட்டு ஊற்றுங்கள்.

பனிக்கட்டி வர்த்தி செய்து பாருங்கள், அதற்கு இந்த அட்டைப்பெட்டிதான் பொருத்தம். நடுவில் ஒரு மெல்லிய ஆயத்த வர்த்தியை நிறுத்தி, சுற்றிலும் பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டு, மேலே மெழுகை ஊற்ற வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் பனி உருகும், மெழுகு உறையும். தண்ணீரைக் கொட்டிவிட்டு அட்டையைக் கிழித்தால் கறையான் அரித்த மரம் போல ஓட்டை ஓட்டையாக ஒரு தூண் நிற்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

தண்ணீர், குளிர்பானம் வரும் பெட் (PET) பிளாஸ்டிக் புட்டிகளில் மட்டும் ஊற்றாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் 70, 80 டிகிரியிலேயே இளகிச் சுருண்டுவிடும். அது சுருளும் வேகத்தில் மெழுகு கால்மேல் கொட்டும்.

---

தேன்கூடு (செவ்வாய், மதியம் 1.10)

இங்கே எல்லோரும் பாரஃபின், சோயா என்றே பேசுகிறீர்கள். தேன்மெழுகுக்காரி ஒருத்தி இருக்கிறேன் என்பதை நினைவூட்டத்தான் வந்தேன்.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரிக்குள் உருகும், உறைந்தால் நல்ல உறுதி. ஆனால் பசை. உலோக அச்சில் ஊற்றினால் தாயை விட்டுப் பிரியாத குழந்தை போலப் பிடித்துக்கொள்ளும். நான் இரண்டு அலுமினிய அச்சுகளைப் பாழாக்கிவிட்டுத்தான் சிலிகானுக்கு வந்தேன். ரோஜா, தேன்கூட்டு அறை, பூச்சி இறகு போன்ற நுணுக்கமான வேலைக்குச் சிலிகானும் தேன்மெழுகும் போல ஒரு பொருத்தம் கிடையாது. ஒரு தேனீயின் இறகு நரம்புகூட அப்படியே விழும்.

நான் 70 முதல் 75 டிகிரிக்குள் ஊற்றுகிறேன். அதைவிடச் சூடாக ஊற்றினால் சுருக்கமும் வெடிப்பும் கூடுகின்றன. அதைவிடக் குறைந்தால் பக்கவாட்டில் மோதிரம் மோதிரமாகக் கோடு விழுகிறது. அச்சைக் குளிர்ச்சியாக வைத்தாலும் அந்தக் கோடு வரும். ஊற்றுவதற்கு முன் தலைமுடி உலர்த்தியால் அச்சுக்கு ஒரு நிமிடம் சூடு காட்டுவேன்.

அரைகுறைத்திரி, இதழ் நுனி ஓட்டைக்கு ஒரு வழி சொல்கிறேன். அந்த ஓட்டையெல்லாம் சிக்கிய காற்று. முழுதாக ஊற்றாமல் முதலில் இரண்டு கரண்டி அளவு மட்டும் ஊற்றி, அச்சைக் கையில் எடுத்துச் சாய்த்துச் சாய்த்துச் சுற்றுங்கள். மெழுகு எல்லா மடிப்பிலும் ஓடட்டும். அது வெளுக்கத் தொடங்கும் முன் மீதியை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். பிறகு அச்சின் பக்கங்களை விரலால் நாலு முறை சுண்டுங்கள். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வருவது கண்ணுக்கே தெரியும்.

எடுக்கும்போது வர்த்தியைப் பிடித்து இழுக்கக் கூடாது. அச்சைத்தான் வர்த்தியிலிருந்து உரிக்க வேண்டும், காலுறையைக் கழற்றுவது போல ஓரத்திலிருந்து மடித்து மடித்து.

---

புதுவிருந்தாளி (செவ்வாய், மாலை 4.45)

அச்சுக்குள் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவினால் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிடுமே? நான் அப்படித்தான் செய்கிறேன்.

---

தேன்கூடு (செவ்வாய், மாலை 5.00)

வேண்டாம். எண்ணெய் சமமாகப் பரவாது. திரண்டு நிற்கிற இடமெல்லாம் மெழுகின் முகத்தில் அம்மைத் தழும்பு விழும். மிச்ச எண்ணெய் அச்சிலேயே தங்கிச் சிக்குநாற்றம் அடிக்கும்.

---

புதுவிருந்தாளி (செவ்வாய், மாலை 5.20)

எனக்குத் தழும்பு விழுந்ததில்லை. ஒரு வருடமாகத் தடவுகிறேன்.

---

உருக்குச்சட்டி (செவ்வாய், இரவு 9.15)

எந்த அச்சில் தடவுகிறீர்கள் என்று சொல்லவில்லை. சொரசொரப்பான பழைய தகர அச்சாக இருந்தால் தழும்பு கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பான பாலிகார்பனேட்டில் தடவிப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். அச்சுகளுக்கென்றே சிலிகான் தெளிப்பான் கிடைக்கிறது. உலோக அச்சில் நான்கைந்து வார்ப்புக்கு ஒருமுறை தெளித்து, மெல்லிய துணியால் துடைத்து எடுத்தபின் மிஞ்சுவதே போதும். சிலிகான் அச்சுக்கு அதுவும் தேவையில்லை. பில்லர் மெழுகு சரியான சூட்டில் ஊற்றப்பட்டு முழுதாக ஆறியிருந்தால் எந்தத் தைலமும் வேண்டாம்.

---

புதுவிருந்தாளி (செவ்வாய், இரவு 9.50)

தகர அச்சுதான். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை (புதன், காலை 7.05)

யாரும் அளவைப் பற்றிப் பேசவில்லை. எவ்வளவு மெழுகு உருக்க வேண்டும் என்பதைக் கண்ணால் மதிப்பிட்டு, பாதியில் தீர்ந்துபோய், அவசரமாக மறுபடி உருக்கி ஊற்றி, நடுவில் கோடு விழுந்த வர்த்திகள் என் அலமாரியில் பதினொன்று இருக்கின்றன.

அச்சில் எந்த மட்டம் வரை மெழுகு வேண்டுமோ அதுவரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். பாரஃபினின் அடர்த்தி தண்ணீரில் ஏறத்தாழ 0.9 பங்கு. 400 கிராம் தண்ணீர் பிடித்தால் 360 கிராம் மெழுகு. தேன்மெழுகு கொஞ்சம் கனம், அதற்கு 0.96 வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் பத்து சதவீதம் சேர்த்து உருக்கினால் இரண்டாம் ஊற்றுக்கும் சரியாக இருக்கும். நேர் உருளையாக இருந்தால் தண்ணீரே வேண்டாம். 7 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள அச்சு ஏறத்தாழ 385 மி.லி. பிடிக்கும், அதாவது 346 கிராம் பாரஃபின்.

அளந்த பின் அச்சை எலும்பு காய்வது போலக் காயவிடுங்கள். ஒரு சொட்டு தண்ணீர் மடிப்பில் இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு பள்ளம் நிச்சயம்.

---

அரைகுறைத்திரி (சனி, இரவு 8.30)

எல்லோருக்கும் நன்றி. வெப்பமானியும் இரண்டு கிலோ பில்லர் பாரஃபினும் வந்து சேர்ந்தன. ரோஜாவை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, தைரியமாக ஒரு அலுமினிய உருளை அச்சு வாங்கினேன். கணக்குப்பிள்ளை சொன்ன அதே 7க்கு 10.

இன்று நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

அச்சின் அடியில் திரிக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. அச்சின் அடிதான் வர்த்தியின் தலை என்பது புரியவே எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. திரியைக் கோத்து, அடியில் முடிச்சுப் போட்டு, கூடவே வந்த மக்கை, அதாவது ஓட்டை அடைக்கும் பசையை, உருட்டி அப்பினேன். மேலே ஒரு குச்சியில் திரியை இழுத்துக் கட்டினேன். 82 டிகிரியில் ஊற்றினேன். பாதி நிறைந்தபோது அடியிலிருந்து ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. பிறகு தாரை. மேசை, மேசைவிரிப்பு, நாற்காலி, என் செருப்பு. அச்சைத் தூக்கலாம் என்றால் கை சுடுகிறது. தூக்காவிட்டால் மெழுகு போகிறது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

எது தவறு?

---

பழையடப்பா (சனி, இரவு 8.42)

சிரிக்கவில்லை, செருப்பு வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம்.

---

உருக்குச்சட்டி (சனி, இரவு 9.30)

மக்கை அப்பும்போது அச்சின் அடி சுத்தமாக, காய்ந்து இருந்ததா? தெளிப்பான் அடித்த கையோடு அடியைத் தொட்டிருந்தால் மக்கு ஒட்டாது. முடிச்சின் மேல் அப்பினால் போதாது. ஓட்டையைச் சுற்றி ஒரு நாணய அகலத்துக்குத் தேய்த்து அழுத்த வேண்டும், அதன் மேல் ஒட்டுநாடாவும் போட வேண்டும். சூடான மெழுகு தண்ணீரைவிடக் கில்லாடி, ஊசி போகாத இடத்திலும் போகும்.

அச்சை எப்போதும் ஓரம் உயர்ந்த ஒரு தட்டுக்குள் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். ஒழுகத் தொடங்கினால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கனமாக மடித்து அடியில் அழுத்திப் பிடியுங்கள். ஒழுகும் மெழுகே அங்கே உறைந்து தன்னை அடைத்துக்கொள்ளும். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொரு வழி, திரிக்குப் பதிலாகத் திரிக்கம்பி வைத்து ஊற்றுவது. அடியில் தட்டையான பாதம் உள்ள மெல்லிய கம்பி அது. உறைந்தபின் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளையில் திரியைச் செருகினால் ஆயிற்று. ஒழுகலும் இல்லை, திரியும் அணு பிசகாமல் நடுவில் நிற்கும்.

மேசைவிரிப்பில் ஊறிய மெழுகை ஆறவிட்டுச் சுரண்டுங்கள். மீதத்துக்கு மேலும் கீழும் காகிதம் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேயுங்கள், காகிதம் குடித்துவிடும். கழுவுதொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

இப்போது அந்தக் கண்ணியைச் சொல்கிறேன், இரண்டாம் ஊற்றைப் பற்றி. ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து மேலே தோல் போல ஆடை கட்டியிருக்கும். திரியைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் குச்சியால் குத்தித் துளை போடுங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் காற்று புகுந்து, பக்கங்களை உள்ளே இழுக்காமல் இருக்கும். நடுவில் மெழுகு நன்றாக இறங்கியபின், எடுத்துவைத்த மெழுகை முதல் ஊற்றைவிட நாலைந்து டிகிரி கூடுதலாகச் சூடாக்கிக் குழியை நிரப்புங்கள். கவனிக்க வேண்டியது மட்டம். முதலில் ஊற்றிய மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழேயே நிறுத்திவிட வேண்டும். மேலே போனால், சுருங்கி விலகிய வர்த்திக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் புது மெழுகு வழிந்து இறங்கும். வெளியே வராது. வந்தாலும் உடலெல்லாம் வடு இருக்கும். எனக்கு இது தெரிவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது.

---

புதுவிருந்தாளி (ஞாயிறு, காலை 9.10)

வராத வர்த்தியை உறைபெட்டியில் வைத்தால் டக்கென்று வந்துவிடுகிறதே?

---

தேன்கூடு (ஞாயிறு, காலை 9.40)

வரும், சில நேரம் இரண்டாக வரும். உறைபெட்டியின் குளிரில் வெளிப்புறம் ஒரேயடியாகச் சுருங்கி உள்ளுக்குள் நூல் நூலாக வெடிக்கும். எடுத்த அன்று தெரியாது, ஏற்றும்போது தெரியும். குளிர்பெட்டியின் சாதாரணத் தட்டில் இருபது நிமிடம் போதும், அதுவும் அறைவெப்பத்துக்கு முழுதாக ஆறிய பிறகு.

---

உருக்குச்சட்டி (ஞாயிறு, காலை 10.00)

இதில் தேன்கூடு சொல்வதற்குப் பாதிதான் உடன்படுகிறேன். உறைபெட்டியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து எனக்கு வெடித்ததில்லை. மறந்துபோய் ஒரு மணி நேரம் விட்டால் வெடிக்கும். மறதிக்காரர்களுக்கு அவர் சொல்வதே நல்லது.

உலோக அச்சுக்குத் தண்ணீர்த் தொட்டி முறையும் உண்டு. ஊற்றி ஒன்றிரண்டு நிமிடம் கழித்து, உள்ளே உள்ள மெழுகின் மட்டம் வரை தண்ணீர் வரும்படி ஒரு வாளியில் அச்சை நிறுத்தி, மிதக்காமல் மேலே பாரம் வைக்க வேண்டும். சீக்கிரம் ஆறும், முகம் கண்ணாடி போலப் பளபளக்கும். அடி மக்கு சரியாக இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போகும், அரைகுறைத்திரி இன்னும் ஒரு மாதம் இதைச் செய்ய வேண்டாம்.

---

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, மாலை 3.30)

உலோக அச்சில் ஆறவைக்க இவ்வளவு பேசுகிறோம். 1834இல் இங்கிலாந்தில் ஜோசப் மார்கன் என்பவர் மெழுகுவர்த்தி வார்க்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். உறைந்த வர்த்திகளை அச்சிலிருந்து உந்தித் தள்ள அதில் நகரும் உந்துதண்டுகள் வைத்திருந்தார். அதாவது வர்த்தி அச்சை விட்டு வராத சிக்கல் நம்மோடு பிறந்ததல்ல. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால், 1825இல், பிரான்சில் செவ்ரூல், கே-லுசாக் என்ற இரு வேதியியலாளர்கள், கொழுப்பிலிருந்து எடுக்கும் ஸ்டியரிக் அமிலத்தில் வர்த்தி செய்யக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். இன்றும் பாரஃபினில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் வர்த்தி வெளுத்து, இறுகி, அச்சை விட்டு எளிதாக விலகும்.

---

தேன்கூடு (ஞாயிறு, மாலை 4.05)

லேடெக்ஸ் ரப்பர் அச்சு வைத்திருப்பவர்கள் அந்த ஸ்டியரிக் அமிலத்தைத் தொடாதீர்கள். ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

---

களிமண்கை (ஞாயிறு, இரவு 7.50)

இழை நல்ல திசையில் போகிறது, நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் களிமண்ணில் ஒரு பறவை செய்து, அதன் மேல் இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் சிலிகானை ஊற்றி அச்சு எடுக்க முயன்றேன். மூன்று நாள் ஆகியும் களிமண்ணை ஒட்டிய பகுதி மட்டும் பிசுபிசுவென்று பசையாகவே இருக்கிறது. வெளிப்புறம் நன்றாக இறுகியிருக்கிறது. கலவை விகிதம் சரியாகத்தான் போட்டேன்.

---

தேன்கூடு (ஞாயிறு, இரவு 8.30)

பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் பிளாட்டினம் வகைச் சிலிகானா? அப்படியானால் உங்கள் களிமண்ணில் கந்தகம் இருக்கிறது. பிளாட்டினம் சிலிகான் கந்தகம் பட்டால் இறுகாமல் நின்றுவிடும். லேடெக்ஸ் கையுறையோடு தொட்டாலும் இதே கதைதான். அந்த அச்சு போனது போனதுதான். கந்தகம் இல்லாத களிமண் என்று கேட்டு வாங்குங்கள், புதிதாகச் செய்தபின் ஒரு மூலையில் ஒரு சொட்டு சிலிகான் விட்டுச் சோதித்துவிட்டு ஊற்றுங்கள். தகரம் வகைச் சிலிகானுக்கு இந்த வீம்பு குறைவு, ஆனால் காலப்போக்கில் கொஞ்சம் சுருங்கும், ஆயுளும் குறைவு.

---

களிமண்கை (ஞாயிறு, இரவு 8.36)

பிளாட்டினம்தான். கையுறையும் லேடெக்ஸ்தான். இரண்டு குற்றமும் என்னுடையதே.

---

அரைகுறைத்திரி (வியாழன், இரவு 10.15)

மறுபடி வந்துவிட்டேன். உருளை இப்போது கைவசம். மூன்று வார்த்தேன், மூன்றும் கவிழ்த்ததும் தாமாக வழுக்கி உள்ளங்கையில் விழுந்தன. அந்த "சுலுக்" என்ற சத்தத்துக்காகவே இன்னும் முப்பது செய்யலாம் போலிருக்கிறது.

நேற்று இரவு பழைய ரோஜா அச்சை எடுத்தேன். பில்லர் மெழுகு, 80 டிகிரி, தேன்கூடு அக்கா சொன்னபடி இரண்டு கரண்டி ஊற்றிச் சுற்றினேன். மறுநாள் காலைவரை தொடவில்லை. ஓரத்திலிருந்து உரித்தேன். பதினான்கு இதழும் முழுசு. நுனியில் ஒரு ஓட்டை இல்லை. உள்ளிதழ் ஒன்றின் விளிம்பு காகிதம் போல மெல்லியது, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிகிறது.

ஆனால் ஏற்றுவதற்குப் பயமாக இருக்கிறது. போன தடவை கிணறு தோண்டி இடிந்ததே, அது மெழுகாலா, திரியாலா?

---

உருக்குச்சட்டி (வெள்ளி, காலை 6.20)

இரண்டாலும். மென்மையான மெழுகு சூட்டில் தளர்ந்து சரிந்தது. திரியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? அச்சின் வெளி விட்டத்தை அளந்து, எந்த விட்டத்துக்கு எந்தத் திரி என்ற அட்டவணையில் பார்த்திருப்பீர்கள்.

உருளைக்கு அது சரி. ரோஜாவுக்கு, நட்சத்திரத்துக்கு, வரிவரியான தூணுக்கு அது சரிவராது. இதழ் மடிப்பு எங்கே ஆழமாக உள்ளே வருகிறதோ, திரியிலிருந்து அந்த இடம் வரை உள்ள தூரம்தான் கணக்கு. உருகிய குளம் அந்தப் பள்ளத்தை எட்டினால் அங்கே சுவர் உடைந்து மெழுகு வெளியே ஓடும். உங்கள் ரோஜா வெளியே 8 செ.மீ. இருந்தாலும் உள் வட்டம் 5 செ.மீ. தான் இருக்கும். 5க்குச் சற்றுக் குறைவான வட்டத்துக்குரிய திரியைப் போடுங்கள். அப்போது கிணறு தோண்டும், தோண்டட்டும். நல்ல மெழுகாக இருந்தால் வெளியிதழ்கள் இடியாமல் நிற்கும், சுடர் உள்ளே இறங்கியபின் பூ முழுவதும் உள்ளிருந்து ஒளிரும். ரோஜாவுக்கு அது குறை இல்லை.

தட்டின் மேல் வைத்து ஏற்றுங்கள். மேலே கூர்த்து அடி அகன்ற கூம்பு வடிவம் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன், அதற்கு எந்தத் திரியும் முழு நீதி செய்யாது. உச்சியில் வழியும், அடியில் கிணறு தோண்டும். அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

---

பழையடப்பா (வெள்ளி, காலை 8.00)

வாசனை எண்ணெய் கலப்பீர்களா? கலந்தால் அந்த ரோஜா அச்சு மல்லிகைக்கென்றால் மல்லிகைக்கு மட்டும். சிலிகான் வாசனையைக் குடித்துவைத்துக்கொள்ளும். நான் கிராம்பு எண்ணெய் போட்ட அச்சில் இப்போது எதை ஊற்றினாலும் பல் வைத்தியர் அறை மணக்கிறது. கழுவ மிதமான சுடுநீரும் கொஞ்சம் சோப்பும் போதும், நார் போட்டுத் தேய்க்காதீர்கள்.

---

அரைகுறைத்திரி (ஞாயிறு, இரவு 11.05)

ஏற்றினேன். இரண்டு அளவு சிறிய திரி. முதல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். குளம் உள்ளிதழ்களைத் தின்றுவிட்டு மடிப்புப் பள்ளத்துக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றுவிட்டது. இப்போது மூன்றாவது மணி நேரம். சுடர் பூவுக்குள் இறங்கிவிட்டது, வெளியிதழ் ஒன்பதும் நிற்கின்றன, அறை விளக்கை அணைத்திருக்கிறேன். தட்டில் ஒரு சொட்டு இல்லை.

இன்னொரு சங்கதி. மதியம் உருளை அச்சைக் கழுவும்போது கை நழுவித் தரையில் விழுந்தது. வாயிலிருந்து இரண்டு அங்குலம் கீழே உள்நோக்கி ஒரு சின்ன நசுங்கல். விரலால் தடவினால்தான் தெரிகிறது. இதில் ஊற்றலாமா?

---

பழையடப்பா (ஞாயிறு, இரவு 11.20)

என் தகர டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சின்னதாக இருந்தாலும் பூட்டு பூட்டுதான். அந்த நசுங்கலுக்கு அடியில் உள்ள மெழுகு அதைத் தாண்டி வெளியே வர முடியாது.

---

உருக்குச்சட்டி (திங்கள், காலை 6.10)

உருண்டை முனையுள்ள மரக்கட்டை ஒன்றை உள்ளே விட்டு, துணி சுற்றி, நசுங்கிய இடத்தை உள்ளிருந்து மெதுவாக உருட்டி அழுத்துங்கள். சுத்தியல் கூடாது. விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்கு வந்தபின் அரை அச்சு மட்டும் ஊற்றி, நசுங்கலுக்குக் கீழேயே மட்டத்தை நிறுத்தி, வருகிறதா என்று பாருங்கள். வந்தால் முழுதாக ஊற்றலாம். வராவிட்டால் கத்தியை உள்ளே விடாதீர்கள், அந்தக் கீறல் இனி ஒவ்வொரு வர்த்தியின் மேலும் இருக்கும். வெந்நீரில் நிறுத்தி உருக்கி எடுத்துவிட்டு எழுதுங்கள்.